இரண்டு விசில்

“எறங்குங்க, எறங்குங்க! படியில நிக்காதீங்க. உள்ள இருக்கிறவங்கள நான் பாத்துக்கறேன்.”

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குரல் வீட்டுக்குள் போய்விடும். அதற்குப் பின்னால்தான் கண்டக்டரக்கா போவார். போனதும் நோயாளியைப் பார்க்கமாட்டார். நோயாளியைக் கவனித்துக்கொண்டிருப்பவர் யாரோ, அவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். அவருடைய செருப்பைத் தேடி எடுத்து வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்து வைப்பார். அது கிடந்த இடத்தில் தன் செருப்பை விடுவார். “இந்த சீட்டு இப்ப என்னோடது. வந்ததும் காலி பண்ணித் தர்றேன்.” அடுத்து, காதில் சொருகிய பேனாவைச் சரிசெய்துகொண்டு ஒரு கேள்வி: “எந்த ஸ்டாப்பு?”

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தவர்கள் மிகக் குறைவு. வருடக்கணக்கில் ஓர் அறைக்குள் மாத்திரையும் வெந்நீருமாக இருந்தவர்களிடம் திடீரென்று எங்கே போகவேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். எனக்கும்தான் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். இப்போதைய வேலைக்குத் தமிழில் பொருத்தமான பெயரை நானும் யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. தீராத நோயோடு வீட்டில் இருப்பவர்களை வாரத்தில் ஒரு வேளை வந்து பார்த்துக்கொண்டு, கூட இருக்கும் உறவுக்காரர்களுக்கு விடுமுறை தரும் ஒரு சிறு சங்கம் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் பயிற்சி கொடுத்து அனுப்பும் ஆட்களில் இவரும் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசி, மெதுவாக நடப்பவர்கள். இவரோ, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கடைசி சீட்டுக்காரருக்குக் கேட்கும்படி பேசுவார். அசையாத தரையில் காலை அகட்டி வைத்துத்தான் நிற்பார். மருந்தை அளந்து ஊற்றும்போது இடுப்பை நிலைக்கதவில் சாய்த்துக்கொள்வார், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமாம். தோளில் அதே பழைய தோல்பை. உள்ளே விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி, துணிகள், உறிஞ்சு குழல், ஒரு பித்தளை விசில்.

விசிலை நோயாளியின் கட்டிலில் கட்டிவிடுவார். “ஒண்ணு ஊதினா வண்டி நிக்கும், நான் வருவேன். ரெண்டு ஊதினா ரைட்டு, நான் போயிடுவேன். சும்மா சும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்குப் பிடிக்காது.”

எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக்கு வியாழக்கிழமைதோறும் வருவார். அங்கே இருப்பது லாரிக்காரரும் அவர் மனைவியும். மேல்மாடியில் இருப்பவன் நான். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாதி, அக்காவின் குரல் தயவு. மீதி, எல்லாம் முடிந்த பிறகு அவரே சொன்னது.

லாரிக்காரர் வாழ்நாள் முழுக்க நெடுந்தூர லாரி ஓட்டியவர். தூசியும் புகையும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. குணமாகிற நோய் இல்லை, கூடும், குறையும், கூடவே இருக்கும். மூக்கில் குழாய், அறை மூலையில் இரைந்துகொண்டே இருக்கும் ஆக்ஸிஜன் கருவி. குழாய் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை எட்டும். ஜன்னலுக்குக் கீழே அவருடைய நீலக் கார் உறை போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கீழே இறங்கிவந்து, உறையை விலக்கி, சாவியைத் திருகுவார். பேட்டரி செத்துவிடக்கூடாதே. மேலே ஜன்னலில் லாரிக்காரர் என்ஜின் சத்தத்தைக் கண்மூடிக் கேட்பார். போதும் என்று கையைக் காட்டுவார். மனைவி அணைத்துவிட்டு உறையைப் போடுவார். அந்த அம்மாள் ஸ்டியரிங் முன்னால் அத்தனை முறை உட்கார்ந்தும் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

முதல் வியாழக்கிழமை, “எந்த ஸ்டாப்பு?” என்றதற்கு அந்த அம்மாள், “கடைக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா கதவைச் சாத்தினார். சிறிது நேரத்தில் உள்ளே லாரிக்காரர் இருமினார். கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் பதறியது: “ஏங்க, வெந்நீர் குடிங்க!”

அக்கா கதவைத் திறந்தபோது நான் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். படி திரும்புகிற இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் பிடிபட்ட பிள்ளை மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“இதுதான் கடையா, தங்கச்சி?”

“போகத்தான்க்கா பாத்தேன். கால் வரல.”

நானாக இருந்தால் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். அக்கா உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்துவந்து படியில் போட்டார். “சரி. இன்னிக்கு இந்த ஸ்டேஜ் வரைக்கும். அடுத்த வாரம் கீழ் கேட்டு.” பிறகு என் பக்கம் திரும்பி, “மாடிவீட்டு சார், சுவரோரமாப் போங்க. பயணி உக்காந்திருக்காங்க.”

அப்படித்தான் ஸ்டேஜ் ஸ்டேஜாக அவரை வெளியே தள்ளினார். அடுத்த வாரம் கேட்டருகே. அதற்கடுத்து தெருமுனை. பிறகு பூங்காவின் முதல் பெஞ்சு. திரும்பி வந்ததும் விசாரணை எல்லாம் கிடையாது. “யார் யாரப் பாத்தீங்க?” என்று மட்டும் கேட்பார். ஒரு நாள் அந்த அம்மாள், “ஒரு நாயப் பாத்தேன்க்கா. காது ஒண்ணு மடங்கியிருந்துச்சு” என்றார். அக்கா அதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டாராம்.

ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்று அக்காவிடம் கேட்டேன். அவருடைய கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்தவர். அண்டை வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் வம்படியாக இவரை வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாளாம். போக்கிடம் தெரியாமல் பஸ் ஏறியிருக்கிறார். “டிக்கெட்டு கிழிச்சுக் கிழிச்சே வயசு போச்சு சார். அன்னிக்குத்தான் டிக்கெட்டு வாங்கி ஜன்னலோரமா உக்காந்தேன். அந்த ரூட்டுல அவ்வளவு மரம் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து அவர் மேல எரிஞ்சு விழாம கஞ்சி குடுத்தேன். ‘என்னடி ஆச்சு உனக்கு’ங்கிறார். சட்டியில இருந்தாத்தான சார் அகப்பையில வரும்?”

லாரிக்காரரிடம் அவர் பழகுவது தனி ரகம். பஸ் ஒசத்தியா லாரி ஒசத்தியா என்று இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. “நீங்க ஏத்தினது மூட்ட. இறக்கிவிட்டா பேசாமக் கெடக்கும். நான் ஏத்தினது மனுஷங்க, ஒவ்வொருத்தனும் ஒரு நியாயம் பேசுவான்” என்பார் இவர். “உன் பஸ்ஸு ஊரத் தாண்டினா மூச்சு வாங்கும், கண்டக்டர்” என்பார் அவர். சொல்லிவிட்டுத் தானே மூச்சு வாங்குவார், அதற்கும் சிரிப்பார். மனைவி இருக்கும்போது அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அக்காவிடம் சொன்னேன். “அண்ணனுக்கும் லீவு வேணும்ல சார்? நாள் முழுக்க ‘மாத்திர போட்டீங்களா, மாத்திர போட்டீங்களா’ன்னு ஒரே பாட்டக் கேட்டா அவர் என்ன ஆவார்?”

அந்த வீட்டில் அக்காவின் விசில் மட்டும் பலிக்கவில்லை. முதல் நாளே லாரிக்காரர் அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றார், அதுவும் வரவில்லை. நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. விசிலைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மலைப்பாதையில் ஹாரன் அடித்து மலையையே எழுப்பியவருக்கு அது பெரிய அடி. அக்கா விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு டம்ளரும் கரண்டியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு தட்டு தட்டினால் வருவேன் என்றார். அந்த வாரத்திலிருந்தே மூச்சுப் பயிற்சியும் தொடங்கிவிட்டது. “விசில் ஊதுற மாதிரி உதட்டக் குவிங்கண்ணே. சத்தம் வேணாம். காத்த மெதுவா எறக்குங்க. பள்ளத்துல பஸ்ஸ எறக்குறோம்ல, அந்த மாதிரி. பின்சீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, குலுங்கக்கூடாது.”

இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை, “எந்த ஸ்டாப்பு?” என்ற கேள்விக்கு லாரிக்காரர் மனைவியிடமிருந்து உடனே பதில் வந்தது. வாசலில், கணவருக்குக் கேட்காத குரலில்: “டிரைவிங் ஸ்கூலு.”

காரணம் இதுதான். அதற்கு முன்பு லாரிக்காரர் வெளியே போனதெல்லாம் ஆம்புலன்ஸில், மருத்துவமனைக்கு. கடைசி முறை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாராம். “ரோட்டுல படுத்துக்கிட்டுப் போறவன் நான் இல்ல” என்பது அவர் வாதம். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா, தாராளமாக வெளியே கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லி, எடுத்துப் போவதற்கென்றே ஒரு சிறிய சிலிண்டரும் கொடுத்திருந்தார். அது பிரிக்காமல் கட்டிலடியில் கிடந்தது. வாடகைக் காருக்கு அவர் சம்மதிக்கவில்லை. கண்ட கண்ட ஆள் ஓட்டுவதை உட்கார்ந்து பார்க்கமாட்டாராம். அப்படியானால் ஓட்டுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததில் அந்த அம்மாளுக்கு ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தது.

“அவர்கிட்ட சொல்லாதீங்கக்கா. ஓட்ட வரலன்னா அவருக்கு ஆசையக் காட்டி மோசம் பண்ணின மாதிரி ஆயிடும்.”

அதே மாதம் லாரிக்காரரும் அக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தார். “ஒரே ஒரு தடவ முன்சீட்டுல உக்காந்து அந்த ஆத்துப் பாலத்தத் தாண்டணும், கண்டக்டர். அவகிட்ட சொல்லாத. கூட்டிட்டுப் போக முடியலயேன்னு அழுவா.”

கல்லுளிமங்கி அக்கா இதை அவரிடமும் சொல்லவில்லை, அதை இவரிடமும் சொல்லவில்லை. “ஒரு பயணி எங்க எறங்குறார்னு இன்னொரு பயணிகிட்ட கண்டக்டர் சொல்லலாமா?” என்று பின்னால் என்னிடம் நியாயம் பேசினார். ஊருக்கே கேட்கும் அந்தத் தொண்டைக்குள் இரண்டு ரகசியங்கள் எப்படித்தான் இருந்தனவோ!

பிறகு எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு வேடிக்கை வந்தது. வியாழக்கிழமைகளில் ஒரு பயிற்சிக் கார் தெருமுனைச் சரிவில் ஏற முயலும். துடிக்கும், குலுங்கும், செத்துப்போகும். மறுபடி உறுமும், பின்னால் உருளும். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடிப்பார்கள். ஜன்னலில் லாரிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். “யாருப்பா அது, கிளட்ச்ச இந்த மிதி மிதிக்கிறது? வண்டியா, வாஷிங் மெஷினா?” அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் திரையைச் சரிசெய்வார்.

அதோடு விட்டாரா? ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் மனைவியிடம் அதே புலம்பல்தான். என் வீட்டு ஜன்னல்வரை கேட்கும். “இன்னிக்கும் அந்தக் காரு வந்துச்சும்மா. கத்துக்குடுக்கிறவன் சரியில்ல. சரிவுல கால் பிரேக்க நம்பக்கூடாது. கைப்பிரேக்க இழுத்துப் பிடிச்சுக்கணும். கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விட்டா, ஒரு எடத்துல வண்டியோட மூக்கு மேல தூக்கும். அப்ப கைப்பிரேக்க விடணும். அவசரப்படக்கூடாது. இதுகூடத் தெரியாம...” மனைவி, “நமக்கு எதுக்குங்க அந்தக் கதையெல்லாம்? சாப்பிடுங்க” என்பார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாரா என்று மேலே நான் எரிச்சல்பட்டேன்.

முதல் தேர்வில் அந்த அம்மாள் தோற்றுப்போனார். அதே சரிவு மாதிரி ஓர் இடத்தில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. திரும்பி வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. பழைய இடத்தில், படி திரும்பும் மூலையில் உட்கார்ந்து அழுதார். அக்கா வந்து ஒரு படி கீழே நின்றுகொண்டார்.

“எனக்கு வராதுக்கா. விட்டுடறேன்.”

“ஏன் தங்கச்சி, போனது கடைசி பஸ்ஸா? அடுத்த பஸ்ஸு பின்னாலயே வருது. மூக்கத் தொடைங்க. உள்ள ஆள் காத்துக்கிட்டிருக்கு.”

அன்று இரவு லாரிக்காரரின் புலம்பல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கைப்பிரேக்கைப் பற்றி மட்டும் அப்படிப் பேசினார்.

இரண்டாவது தேர்வு நாள். மனைவி கிளம்பிப் போனபின் லாரிக்காரர் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. திடீரென்று மூச்சு அடைத்தது. உதடு வெளுத்தது. அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் தலையணை போட்டு, முன்னால் சாயவைத்தார். விரலில் கருவியை மாட்டினார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். எண் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்கா ஒரு கையில் போனை எடுத்தார்.

லாரிக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். தலையை ஆட்டினார். “வேணாம். இன்னிக்கு... அவளுக்கு... சரிவு.”

இதைப் பின்னால் என்னிடம் அக்கா சொன்னார்: “சார், என் சர்வீஸ்ல எத்தன பேர் டிக்கெட் வாங்காம ஏமாத்தியிருப்பான். ஒருத்தனும் என்ன இப்படி ஏமாத்தினதில்ல.”

ஆனால் அந்த நேரத்தில் ஆச்சரியப்பட ஏது நேரம்? “கோட்டுக்குக் கீழ போனா கூப்பிட்டுடுவேண்ணே, சொல்லிட்டேன். இப்ப உதட்டக் குவிங்க. பள்ளம் வருது. மெதுவா எறக்குங்க.” அவர் குவித்தார். மூச்சு உடைந்து உடைந்து இறங்கியது. “பின்சீட்டுல புள்ளத்தாச்சி. ம்... இன்னும் மெதுவா.” அக்காவும் கூடவே குவித்து, கூடவே ஊதினார். எண் ஒன்று ஏறியது. அப்புறம் இன்னொன்று. உதட்டில் நிறம் திரும்பியது. போனைப் பைக்குள் போட்டபிறகுதான் அக்கா கேட்டாராம்:

“எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“சீரியல் பாக்கும்போது இடது கால தரையில அழுத்துவா. தூக்கத்துல கூட.” மூச்சு வாங்கினார். “கிளட்ச்சு. எனக்கா தெரியாது? இன்னிக்கு செருப்ப விட்டுட்டு ஷூ போட்டுட்டுப் போயிருக்கா.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாடியில் நான் காதைப் பொத்திக்கொண்ட அந்தப் புலம்பல் அத்தனையும் பாடம். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

சாயங்காலம் படியில் ஷூ சத்தம் தடதடவென்று ஏறியது. கதவை யாராவது திறக்கும்வரை அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. “ஏங்க! ஏங்க, மூக்கு தூக்குச்சு! வண்டி மூக்கத் தூக்குச்சுங்க, நான் கைப்பிரேக்க விட்டேன்! பாஸாயிட்டேன்!” ரகசியத்தைத் தானே போட்டு உடைத்துவிட்டது அவருக்குத் தெரியவேயில்லை. லாரிக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “கண்ணாடி பாத்துப் பின்னால எடுத்தியா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினார். அந்த அம்மாள் ஷூவோடு ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

போன வியாழக்கிழமை நீலக் காரின் உறையைக் கழற்றினார்கள். சிறிய சிலிண்டர் பின்சீட்டில் ஏறியது. லாரிக்காரர் துவைத்த சட்டை போட்டு, மனைவியின் தோளைப் பிடித்து இறங்கிவந்தார். படி திரும்பும் இடத்தில் அக்கா முன்கூட்டியே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். “ஸ்டாப்பு வந்தாச்சு. அண்ணன் எறங்கி மூச்சு விட்டுக்கட்டும். யாரும் அவசரப்படுத்தாதீங்க.” நான்கு குடித்தனக்காரர்களும் படியில் வரிசையாக நின்று காத்திருந்தோம். எனக்கு முன்னால் நின்ற கீழ்வீட்டு அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த லாரிக்காரர் டேஷ்போர்டை ஒரு முறை தடவினார். வழக்கம்போல ஆரம்பித்தார்: “முதல்ல கண்ணாடிய...”

“பாத்தாச்சு. நீங்க பெல்ட்டப் போடுங்க.”

போட்டார், மறுபேச்சில்லாமல்.

அக்கா ஜன்னலருகே வந்தார். கழுத்திலிருந்த பித்தளை விசிலைக் கையில் எடுத்தார். அவர்தான் ஊதப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கயிறோடு கழற்றி லாரிக்காரரின் மடியில் போட்டுவிட்டு, விடுவிடுவென்று நடந்து தெருவின் நடுவில் போய் நின்றார். மேட்டிலிருந்து சாமான் ஏற்றிய பெரிய லாரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. காலை அகட்டி வைத்து, உள்ளங்கையை உயர்த்தி, அதை நிறுத்தினார். லாரி ஹாரன் அடித்தது. அவர் இடத்தைவிட்டு அசையவில்லை.

காருக்குள் லாரிக்காரர் விசிலை எடுத்து, உதட்டைக் குவித்தார். பிறகு ஒரு விசில், சன்னமாக. ஒரு மூச்சு இடைவெளி. இரண்டாவது விசில்.

நீலக் கார் குலுங்காமல் தெருவில் இறங்கி, சரிவில் ஏறி, பாலத்துக்குப் போகும் பக்கம் திரும்பியது. அது கண்ணிலிருந்து மறையும்வரை கண்டக்டரக்கா உயர்த்திய கையை இறக்கவில்லை.